இருபத்திரண்டு அரைநாள்கள்

செப்டம்பர் 18, வியாழன்

முப்பிடாதி, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டே கால். ரூபிக்குக் காய்ச்சல் இறங்கி, அவள் என் தோளை விட்டுக் கீழே படுத்த பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைத்தது. ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று சொன்னால் புரியவா போகிறது?

இது நீ படிக்கப்போவதில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று தோன்றியது. டியூட்டர் நோட்டில் உன் பக்கத்தை இப்போதுதான் நிரப்பினேன். எங்கள் துறையில் ஆளுக்கு இருபத்து மூன்று பிள்ளைகள் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசி, என்ன கஷ்டம், என்ன யோசனை சொன்னோம் என்று தேதி போட்டு எழுதவேண்டும். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. ஜூனில் ஆறு பேரிடம் பேசினேன். அப்புறம் ரூபிக்குப் பல் முளைத்தது.

எங்கள் துறையிலேயே இருக்கும் பொன்ராஜ் சார் இன்று மத்தியானமே முடித்துவிட்டார். "எல்லாருக்கும் 'கைப்பேசிப் பழக்கம் குறைக்கப்பட்டது'ன்னு எழுதிட்டேன், பெனிட்டா. உலகத்துல யாருக்கு இல்ல அது?" என்றார்.

எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எழுதத் தொடங்கினேன். உன் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் 'பஸ்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை வைத்து உன் பக்கம்:

"ஆகஸ்ட் 8: பேருந்து நேரம் மாறியதால் தாமதமாவதாக மாணவி தெரிவித்தார். முந்தைய பேருந்தில் வருமாறு அறிவுறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 22: பிரச்சினை தீர்ந்தது. மாணவி உற்சாகமாக உள்ளார்."

நன்றாகத்தான் வந்திருக்கிறது. மூன்று நிறப் பேனா. ஒரே மையில் இருந்தால் ஒரே நாளில் எழுதியது தெரிந்துவிடுமாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

காய்ச்சல் 101. இன்னும் பதினாறு பக்கம் பாக்கி.

செப்டம்பர் 22, திங்கள்

குழு வந்துபோயிற்று. கால் வலிக்கிறது. இட்லி மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் ஓடியிருந்தது, அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் துறைக்கு வந்தவர் ஒரு பெரிய பேராசிரியை, வெள்ளைப் பருத்திச் சேலை, பொறுமையான முகம். அடுக்கியிருந்த நோட்டுகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். என்னுடையது. விரலுக்கு அகப்பட்ட பக்கத்தைத் திறந்தார். உன்னுடையது.

வாசித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எல்லாக் கல்லூரியிலயும் 'அறிவுரை வழங்கப்பட்டது'ன்னு ஒரே வரி. இங்க ஒரு பொண்ணோட பஸ்ஸைப் பத்திக் கவலைப்பட்டிருக்காங்க. இதுதான் வேலை" என்றார். கூட வந்தவரிடம் அந்தப் பக்கத்தைப் படமெடுக்கச் சொன்னார்.

பிறகு, "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்களேன், ஒரு வார்த்தை பேசுவோம்."

பொன்ராஜ் சார் கண் சிமிட்டாமல் சொன்னார்: "நாட்டு நலப்பணி முகாமுக்குப் போயிருக்கா, மேடம்."

"ரொம்ப நல்லது. கூச்சமெல்லாம் போயிரும்."

அவர்கள் போனபின் துறைத்தலைவர் சண்முகவடிவு மேடம் என் தோளைத் தட்டினார். மூன்று வருடத்தில் முதல் தடவை. எல்லாருக்கும் முந்திரிக் கேக் வந்தது. நான் என் பங்கை ரூபிக்கு என்று தாளில் மடித்துக்கொண்டேன்.

முப்பிடாதி, நீ இன்றைக்கு ஏன் வரவில்லை?

செப்டம்பர் 24, புதன்

இன்று பதிவேட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். உன் எண் 14. செப்டம்பர் 8-இலிருந்து வரிசையாக 'ஆ', ஆப்சென்ட். தினமும் காலை முதல் மணியில் அந்த 'ஆ'வைப் போட்டது நான்தான். "பதினாலு?" என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை, போட்டிருக்கிறேன். பதின்மூன்று நாள். கை தானாகப் போட்டுவிடுகிறது. அதற்காக மனசு என்று ஒன்று வரவேண்டியதில்லை.

கீழப்புதூர் பஸ்ஸில் வரும் இன்னொரு பெண்ணைக் கேட்டேன். "அவ நின்னுட்டா மிஸ். வருகைப் பட்டியல் ஒட்டுன அன்னைக்கே."

"என்ட்ட ஏன் யாரும் சொல்லல?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் மிஸ்."

செப்டம்பர் 26, வெள்ளி

தனிக்கவனப் பட்டியல் கூட்டம். இது உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். வருகை குறைந்த பிள்ளைகளை ஒரு பட்டியலில் சேர்த்தால் அவர்களுக்குச் சலுகை உண்டு. வீட்டுக்குப் பேசுவார்கள், தாமத அனுமதி தருவார்கள், விட்ட பாடத்துக்கு வகுப்பு வைப்பார்கள், கல்லூரி முதல்வர் நேரடியாகப் பார்ப்பார். நல்ல ஏற்பாடுதான். போன வருடம் ஒன்பது பேரைத் திருப்பிக் கொண்டுவந்தது.

பட்டியலை டியூட்டர் நோட்டிலிருந்து எடுக்கிறார்கள். இருபத்தாறு பெயர் வாசித்தார்கள். உன் பெயர் இல்லை. உன் பக்கத்தில்தான் பிரச்சினை தீர்ந்துவிட்டதே.

"வேற யாரும் விட்டுப்போச்சா?" என்று மேடம் கேட்டார்.

நாலரைக்கு நான் செல்வராணி அக்கா வீட்டில் இருக்கவேண்டும். ரூபியை அவர்கள்தான் பகலில் பார்த்துக்கொள்கிறார்கள், ஐந்து மணிக்கு அவர்களுக்குத் தையல் வகுப்பு. மணி நாலு இருபது. நான் கையைத் தூக்கவில்லை.

அதனால்தான் தூக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

உன் வீட்டுக்குப் போய்வந்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்கு இந்த வாரமும் துறைமுகத்தில் வேலை, தூத்துக்குடியிலிருந்து வரவில்லை. ரூபியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நீ தினமும் வந்த பாதை.

உன் அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார்கள். "வாங்க மிஸ். பிள்ளைய இங்ஙன கெடத்துங்க. தூள் காத்து அண்டாது."

நீ இல்லை. திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாய், கடை விடுதியிலேயே தங்கல், ஃபோனை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் தருவார்கள் என்றார்கள்.

"பட்டியல்ல அறுவத்தொண்ணுன்னு போட்டிருந்தாவளாம். அறுவத்தொண்ணு நல்ல மார்க்குதானளா, அதுக்கு ஏன் அழுதன்னு நான் கேட்டேன். மார்க்கு இல்லம்மா, வந்த நாளு, அறுவத்தஞ்சுக்குக் கொறஞ்சா பரீச்ச எழுத விடமாட்டாவன்னா. நீ தெனம் போனியேளான்னேன். அதுக்கு மேல பேசல."

ஜூலையில் அம்மை கண்டு பத்து நாள் படுத்திருந்தாயாம். எனக்குத் தெரியாது.

"மருத்துவச் சான்று குடுத்திருந்தா அந்தப் பத்து நாளைக் கழிச்சிருப்பாங்களே" என்றேன்.

உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மைக்கு எவ மிஸ் டாக்டர்ட்ட போவா? வேப்பில கட்டி, மூணு தண்ணி ஊத்தி எழுப்பினோம். ஆத்தாட்ட போயி சீட்டு வாங்கவா?"

கருப்பட்டிக் காப்பி தந்தார்கள். ரூபி பீடி இலையை எடுத்து வாயில் வைக்கப்போனாள், பிடுங்கினேன், அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில்தான் உன் அம்மா அதைச் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மூணு மட்டம் உங்க ரூமுக்கு வந்தாளாமே மிஸ். மொத மட்டம், பஸ்ஸ மாத்திட்டாவ, எட்டு இருவதுக்குத்தான் வருது, முந்தி ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னாளாம். நீங்க எழுதிக்கிட்டியளாம். மிஸ் எழுதிட்டாவம்மா, இனி சரியாயிரும்னு வந்து சொன்னா. ரெண்டாவது மட்டம் போன்ல இருந்தியளாம். அப்பறம் வந்தப்ப, பிள்ளைக்குச் சொகமில்லன்னு கெளம்பிட்டியளாம். உங்க மேல குத்தம் சொல்லல. கைப்பிள்ளக்காரி, என்ன செய்விய?"

நான் ரூபியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவதான் கிறுக்கி. படிச்சவிய எழுதுனா நடந்திரும்னு நெனச்சிட்டா."

திரும்பும்போது பஸ்ஸில் ரூபி தூங்கிவிட்டாள். நான் ஊர் வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன், கவனிக்காமல்.

அக்டோபர் 1, புதன்

பூஜை விடுமுறை. துணி துவைத்தேன். உன் எண்ணுக்கு மூன்று தடவை அழைத்தேன், அணைத்து வைத்திருந்தது. பகல்நேரம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரவு அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது?

அக்டோபர் 2, வியாழன்

பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். கணக்கு டீச்சர்தானே, கணக்கையாவது ஒழுங்காகப் போடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பட்டியல் கணக்கெடுத்த செப்டம்பர் 4 வரை ஐம்பத்தைந்து வேலைநாள். அம்மையில் பத்து நாள் போயிற்று. மற்ற எல்லா நாளும் நீ வந்திருக்கிறாய். ஆகஸ்ட் 4-இலிருந்து பஸ் மாறியது. ஒன்பதரை வகுப்புக்கு நீ ஒன்பது ஐம்பதுக்குத்தான் வந்து சேர முடியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் அரைநாள் விடுப்பு. இருபத்திரண்டு நாள் வந்து, இருபத்திரண்டு அரைநாள் இழந்திருக்கிறாய். பதினொரு முழு நாள். அதுதான் உன்னை அறுபத்தொன்றுக்குத் தள்ளியது. அந்தப் பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தால் எண்பத்தொன்று.

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. விதி என்னுடையது இல்லை, கல்லூரியுடையது. அதற்குள் பதிவேட்டில் வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஆகஸ்ட் 12, 13, 19, 26 ஆகிய நாட்களில் முதல் மணி வருகை என் கையெழுத்தில் இல்லை, பொன்ராஜ் சார் கையெழுத்தில் இருந்தது. அன்றெல்லாம் நான் தாமதம். ரூபி விடவில்லை. ஆட்டோவிலிருந்து அவருக்கு ஃபோன் பண்ணினேன்: "சார், என் கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுத்துருங்க. ஒன்பது முப்பத்தஞ்சுக்கு கரெக்டா மூடிருங்க சார், இல்லாட்டி பழகிருவாங்க."

அவர் மூடியிருக்கிறார். உனக்கு 'ஆ'. எனக்கு யாரும் அரைநாள் போடவில்லை.

பத்தொன்பதாம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து, உன் பஸ்ஸில் வரும் நீங்கள் எட்டுப் பேரும் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தீர்கள். என் ஆட்டோ உங்களைத் தாண்டியது. நீ துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "குட்மார்னிங் மிஸ்" என்று கையைத் தூக்கினாய். நானும் தூக்கினேன்.

ஆட்டோவில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். உன் பக்கம் பொய் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எது பொய்?"

"நான் அந்தப் பிள்ளையக் கூப்பிட்டுப் பேசவே இல்ல, மேடம். முந்தின பஸ்ஸுன்னு ஒண்ணு கிடையாது. அவ நின்னுட்டா."

"குழு அறிக்கை வர இன்னும் ஒரு மாசம் ஆகும். அது வரட்டும். அப்பறம் சத்தமில்லாம அவள அடுத்த வருஷம் சேத்துக்கிடலாம்."

"வருகைப் பட்டியல் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போகுது மேடம். அதுக்கப்பறம் பேரு போயிரும். போன பிள்ளைங்கள்ல அடுத்த வருஷம் எத்தன பேரு திரும்பி வந்திருக்கு?"

மேடம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, முப்பிடாதி. இந்தத் துறையை அவர்தான் இரண்டு அறையிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தார். "அந்தப் பக்கத்தத்தான் படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றார். பிறகு, "நீ நிரந்தரம் இல்ல, பெனிட்டா. மறந்துராத. கைப்பிள்ள வேற."

"மறக்கல மேடம்."

"சவத்த விடுன்னு சொன்னா கேக்கமாட்ட."

"இல்ல மேடம்."

"அப்ப எழுதிக் குடு. என் மேசைல வைக்காத. நேரா முதல்வர்ட்ட போ."

ஒரு பக்கக் கடிதம். நாலு தடவை கிழித்தேன். கடைசியில் ஒரே நிறப் பேனாவில் எழுதினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல்வர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வெளியே புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் கேட்டார்.

"உங்க நோட்டுல இருபத்து மூணு பக்கம். எத்தன உண்மை?"

"ஆறு, சார்."

"மத்தவங்க நோட்டுல?"

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியும். சொல்லமாட்டீங்க. சரி. அந்த பஸ்ஸுல எத்தன பிள்ளைங்க?"

"எட்டு."

"ரெண்டு வருஷமா மாசம் ஒரு கூட்டம் போடுதோம். பிள்ளைங்க ஏன் நிக்கிதுன்னு படம் போட்டு விளக்குதோம். பஸ் எத்தன மணிக்கு வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல." இது என்னைத் திட்டியதா, தன்னைத் திட்டிக்கொண்டதா தெரியவில்லை.

எட்டுப் பேருக்கும் அந்த அரைநாள்களைத் திருத்த உத்தரவு எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து கீழப்புதூர் பஸ் பிள்ளைகளுக்குப் பத்து மணி வரை வருகை உண்டு. குழுவுக்கும் எழுதுவதாகச் சொன்னார், அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி. "உங்க விஷயத்த மார்ச்ல பாப்போம்" என்றார். மார்ச்சில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த வருட ஆணை வரும்.

கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டார்: "அந்தப் பொண்ணு வருவாளா?"

"தெரியல சார்."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும். வராத பிள்ள பேர நான் பட்டியல்ல வைக்க முடியாது."

வீட்டுக்கு வந்து ரூபிக்குச் சோறு ஊட்டினேன். அவள் துப்பினாள். மறுபடி ஊட்டினேன்.

அக்டோபர் 8, புதன்

முப்பிடாதி, நீ படிக்கமாட்டாய் என்று நினைத்து ஆரம்பித்தது இது. இப்போது எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து உன் எண்ணுக்கு அனுப்பப்போகிறேன். நேரில் பேசினால் நான் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் எதையும் மறைக்கவில்லை. ரூபி கசக்கிய பக்கமும் இருக்கிறது.

கணக்கு இதுதான். மொத்தம் தொண்ணூறு வேலைநாள். திருத்தியபின் உனக்கு நாற்பத்தைந்து. வருகிற திங்களிலிருந்து நவம்பர் 3 வரை பதினைந்து நாள் மிச்சம். எல்லா நாளும் வந்தால் அறுபது, அதாவது அறுபத்தாறு சதவீதம். அறுபத்தைந்தைத் தாண்டினால் முதல்வர் அனுமதி தரலாம், தருகிறேன் என்றிருக்கிறார். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. இரண்டாவது நாள் தவறினால் முடிந்தது. இதில் நான் செய்யக்கூடிய வித்தை எதுவும் இல்லை, இனி செய்யவும் மாட்டேன்.

ஒரு மாதப் பாடம் போயிருக்கிறது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் நடத்துகிறேன். இப்படிச் சொல்லிவிட்டேன், ஆனால் ரூபிக்குக் காய்ச்சல் வந்தால் என்னால் முடியாமல் போகலாம். அந்த நாளுக்குப் பொன்ராஜ் சாரிடம் கேட்டிருக்கிறேன். "முகாமுக்குப் போன பிள்ளைதான, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவருக்கும் உறுத்துகிறது.

உன் அம்மாவிடம் இன்று மாலை பேசினேன். "அவகிட்டயே கேளுங்க மிஸ், நான் போன்னும் சொல்லல, வான்னும் சொல்லல" என்றார்கள். கடையில் உனக்குப் பிடித்திருக்கலாம். நேரத்துக்கு வந்தால் நேரத்துக்கு வந்தாய் என்று அங்கே எழுதிக்கொள்வார்களாயிருக்கும். எங்களை இனி நம்புவதில்லை என்று நீ முடிவு செய்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி உன்னைக் கெஞ்ச எனக்கு வாய் இல்லை.

என் வேலையைப் பற்றி மேலே எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. அது வேறு கணக்கு.

வருகிறாய் என்றால் வருகிறேன் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, அதையும் நான் முதல்வரிடம் போய்ச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைதான் நேரம். ஃபோன் கையில் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு.